கூரை திறக்கும் கார்

கார்களைப் பற்றி எழுதுகின்ற தகுதி எனக்கு இல்லை. என் பெயரில் உள்ள வாகனம் ஒரு மோட்டார் சைக்கிள் மாத்திரமே. மழைக் காலத்தில் மூன்று நான்கு தரம் உதைத்தால்தான் அது ஸ்டார்ட் ஆகும். அதில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக நான்கு பேர் பயணம் போகிறோம். சட்டப்படி அது பிழை என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான், இரண்டு பேர் மாத்திரமே அமரக்கூடிய, கெட்டியான கூரையைத் தானே மடித்து டிக்கிக்குள் வைத்துக்கொள்கின்ற ஒரு காரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கு எங்கள் பாடசாலைக் கண்காட்சிதான் காரணம்.

கண்காட்சிக்கு என் வகுப்பிலிருந்து, தரம் 9 மாணவர்கள் மூவர் சேர்ந்து ஒரு கார் செய்திருந்தார்கள். மட்டையால் உடல். சோடா மூடியால் சக்கரம். கூரையும் மட்டைதான். ஆனால் அது இரண்டு துண்டாக மடிந்து பின்பக்கம் போய்ப் படுக்கும். அதை இயக்குவதற்கு நான்கு சிரிஞ்சுகளையும் சேலைன் ரியூப்பையும் எடுத்து நிறத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். மேசையின் இந்தப் பக்கம் ஒரு சிரிஞ்சை அமுக்கினால் அந்தப் பக்கம் கூரை எழும்பும். திரவ அமுக்கம் என்ற பாடத்தில் நான் கரும்பலகையில் கீறிக்காட்டிய பஸ்காலின் தத்துவத்தை அவர்கள் கையால் செய்துவிட்டார்கள்.

“இது எங்க கண்ட மொடல் மனே?” என்று கேட்டேன்.

“போன்ல சேர். ஜப்பான் கார். கொப்பன்.”

டைஹட்சு கொப்பன். 2002 இல் வந்த சிறிய கார். நீளம் 3.4 மீற்றருக்கு உள்ளேதான். எங்கள் ஊரில் ஓடுகின்ற ஆல்ட்டோ காரின் அளவு. இயந்திரம் 660 சீசீக்குக் குறைவு. ஆயினும் சுவிச்சை அமுக்கினால் அதன் உலோகக் கூரை தானாக மடிந்துவிடும். பையன் போனில் அதைக் காட்டினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது கொப்பனை அல்ல. இருபது வருடத்துக்கு முந்திய வேறொரு காரை.

2002 ஆம் ஆண்டு நான் குவைத்துக்குப் போனேன். எனக்கு வயது 22. உயர்தரப் பரீட்சையில் போதிய புள்ளி கிடைக்கவில்லை. ஊரில் ஒரு நெல் ஆலையில் லொறி ஓடிக்கொண்டிருந்தேன். வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். தங்கச்சிமார் இருவர். உம்மாவின் காப்பை அடகு வைத்து, மீதியை வட்டிக்கு வாங்கி, கொழும்பு ஏஜன்சிக்காரனுக்குக் கட்டி வீட்டுச் சாரதியாகப் போனேன். மாதச் சம்பளம் 60 தினார்.

குவைத் நகருக்குச் சற்று வெளியே பெரிய மதிலுக்குள் ஒரு வீடு. பக்கத்து மூன்று வீடுகளும் என் முதலாளியின் சகோதரர்களுடையவை. பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப் போவதும், ‘மாமா’வைக் கடைகண்ணிக்கு ஏற்றி இறக்குவதும், ஜம்இய்யாவில் சாமான் வாங்குவதும் என் வேலை. அதற்கு ஒரு பெரிய அமெரிக்க வாகனம் இருந்தது. எங்கள் ஊர் வேன்கள் இரண்டை ஒட்டவைத்தது போல இருக்கும்.

மூத்த மகனுக்குத் தனியாக ஒரு கார் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும். அந்தக் கார் பென்ஸ் எஸ்எல்கே. வெள்ளி நிறம். நீளம் 4 மீற்றர் அளவு. இரண்டே இருக்கைகள். முன்னுக்கு நீண்ட பொனட், பின்னுக்குக் கட்டையான டிக்கி. அதைத் தெருவில் ஓட்ட எனக்கு அனுமதியில்லை. நிழலுக்கு எடுத்து வைப்பது, தூசு தட்டுவிப்பது, எண்ணெய் தண்ணீர் பார்ப்பது, இவ்வளவுதான். முதல் தடவை அதைக் கண்டபோது எனக்கு வந்த எண்ணம், ‘இதில் உம்மாவை ஏற்றினால் தங்கச்சிமாரை எங்கே ஏற்றுவது?’ என்பதுதான். கிராமத்தான் புத்தி.

அவன் அதன் கூரையைத் திறக்கும்போது நான் எங்கே நின்றாலும் திரும்பிப் பார்ப்பேன். கார் நின்ற நிலையில் இருக்க வேண்டும். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு சுவிச். அதை விடாமல் பிடித்திருக்க வேண்டும். முதலில் பக்கக் கண்ணாடிகள் கீழே இறங்கும். பிறகு டிக்கி மூடி, நாம் வழமையாகத் திறக்கின்ற மாதிரியல்லாமல், பின்பக்கமாகச் சாய்ந்து வாயைப் பிளக்கும். கூரை முன் கண்ணாடிச் சட்டத்திலிருந்து விடுபட்டு, இரண்டாக மடிந்து, உள்ளே இறங்கிப் படுக்கும். மூடி மேலே வந்து மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் 25 விநாடி. பம்பின் மெல்லிய இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. கூரை இருந்ததற்கு ஓர் அடையாளமும் மிஞ்சாது.

ஆசிரியனான பிறகு, வாசிப்புப் பழக்கம் வந்த பிறகு, இந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். ஏன் தேடினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எஸ்எல்கே 1996 இல் இத்தாலியின் டூரின் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. ஜேர்மனியின் பிறேமன் நகரில் செய்தார்கள். அந்த மூன்று எழுத்துகளும் விளையாட்டுத்தனம், இலேசு, கட்டை என்ற பொருள் தரும் மூன்று ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துகள். அதற்கு முன்னர் திறந்த கார் என்றால் பெரும்பாலும் துணிக் கூரைதான். துணி மழைக்கு ஒழுகும், காற்றுக்கு இரையும், கள்வனின் கத்திக்குக் கிழியும். உலோகக் கூரையே மடிந்துகொண்டால் மூடும்போது சாதாரணக் கார், திறக்கும்போது திறந்த கார்.

ஆனாலும் இந்த எண்ணம் ஜேர்மனியர்களுடையது மட்டுமல்ல. பிரான்சில் ஜோர்ஜ் போலன் என்றொருவர் இருந்தார். பல் வைத்தியத் தொழிலில் இருந்தவர். கார் வரைவதில் பைத்தியம். 1930 களின் ஆரம்பத்திலேயே இப்படியொரு கூரையை வரைந்து காப்புரிமை பெற்றார். 1934 இல் பேஜோ 401 எக்லிப்ஸ் என்ற காரில் அது வந்தது. கிரகணம் என்று பெயர். போலன் பின்னர் ஜேர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான இரகசியப் போராட்டத்தில் சேர்ந்து, பிடிபட்டு, 1942 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் போர்ட் கம்பனி 1957 முதல் 1959 வரை ஸ்கைலைனர் என்று பெரியதொரு காரைச் செய்தது. பல மின் மோட்டார்களும் நூற்றுக்கணக்கான அடி வயரும் கொண்ட அந்தக் கூரை விலை கூடியது, சிக்கலானது. மூன்று வருடத்தில் விட்டுவிட்டார்கள். சிறிய காரில், நாளாந்தம் பாவிக்கக்கூடியதாக இதைப் பரவலாக்கியது எஸ்எல்கேதான் என்று சொல்வார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கூரை போய்ப் படுக்க இடம் வேண்டுமல்லவா? அந்த இடம் டிக்கிதான். மூடியிருக்கும்போது 348 லீற்றர் அளவான டிக்கி, கூரை உள்ளே போனால் 145 லீற்றராகக் குறைந்துவிடும். இரண்டு சின்னப் பைகள் வைக்கலாம். அந்த எல்லையைக் காட்டுவதற்காக டிக்கிக்குள் ஒரு திரை இருக்கிறது. சுருட்டி இழுக்கின்ற மறைப்பு. அதை இழுத்துக் கொளுவிவிட்டால், ‘இதற்குக் கீழேதான் சாமான் இருக்கிறது, மேலே இடம் வெறுமை’ என்று காருக்குத் தெரியும். கொளுவாவிட்டால் சுவிச்சை எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடித்தாலும் கூரை அசையாது. சாமானின் மேல் இறங்கிக் கூரை நசிந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு.

இந்தத் திரையைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

குவைத்தில் திறந்த கார் வைத்திருப்பது ஒரு விதத்தில் வேடிக்கை. வெயிலுக்கு ஏங்குகின்ற குளிர் நாட்டார் செய்த வாகனம் அது. 2016 ஜூலையில் குவைத்தின் மிற்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட பூமியில் வருடத்தில் பாதிக்கு மேல் பகலில் கூரையைத் திறக்க யாருக்கும் மனம் வராது. திறந்தால் இருக்கைத் தோல் முதுகைச் சுடும். தூசுக் காற்று அடித்தால் காருக்குள் மணல் வாரலாம். அதனால் மார்கழி, தை, மாசி மாதங்களில்தான் அதன் காலம். அந்தி பட்டதும் பையன் நண்பன் ஒருவனை ஏற்றிக்கொண்டு கூரையைத் திறந்து, கடலோரம் போகின்ற வளைகுடாத் தெருவில், குவைத் கோபுரங்கள் வரை ஓடிவிட்டு வருவான்.

விடியற்காலையில் அந்தத் தெருவின் கார்களைக் கழுவ ஒருவர் வருவார். வங்காளதேசத்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பெயர் எனக்குத் தெரியாது. பாய் என்று நான் கூப்பிடுவேன், அவரும் என்னைப் பாய் என்றே கூப்பிடுவார். பகலில் துப்புரவுக் கம்பனி ஒன்றின் மஞ்சள் உடுப்போடு தெருக் கூட்டுவார். சுபஹுக்கு முன்னரும் பின்னரும் இந்தக் கள்ள வேலை. ஒரு காருக்கு மாதம் 5 தினார். முதலாளியின் வீட்டிலும் சகோதரர்களின் வீடுகளிலுமாக ஏழு கார்கள் அவருக்கு இருந்தன. 35 தினார். கம்பனிச் சம்பளத்தை விட அது கூட என்று ஒருநாள் சொன்னார். மூன்று பெண் பிள்ளைகள். அரை அரபும் அரை ஹிந்தியுமாக நாங்கள் பேசிக்கொள்வோம். எனக்குக் குளிர்காலத்தில் தேத்தண்ணீர் ஊற்றும் உரிமை வீட்டுக் குசினியில் இருந்தது. இரண்டு கப் ஊற்றி ஒன்றை அவருக்குக் கொடுப்பேன். குந்தியிருந்து குடிப்பார். எஸ்எல்கேயின் கூரையில் ஈரத் துணியை மிக மெதுவாக ஒற்றுவார். “இது திறக்குமாமே, நான் ஒருநாளும் காணவில்லை” என்பார். அவர் வருகின்ற நேரம் அது மூடிக் கிடக்கும். அது திறக்கின்ற நேரம் அவர் வேறெங்கோ தெருக் கூட்டிக்கொண்டிருப்பார்.

2004 தை மாதம். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மகன் ஜம்இய்யாவிலிருந்து சாமான் கொண்டுவந்தான். வழமைக்கு மாறாக அவன் போயிருந்தான். திரைக்குக் கீழே பைகளைத் திணித்திருந்தான். லபன் போத்தல் ஒன்று கசிந்து டிக்கி விரிப்பெல்லாம் மோர். “துப்புரவாக்கு” என்று சாவியைத் தந்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் விடிய பாய் வந்ததும் இருவருமாகச் செய்தோம். நான் திரையைக் கழற்றிச் சுருட்டிவிட்டேன். விரிப்பை வெளியில் எடுத்தேன். அவர் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். வெயிலில் காயப்போட்டு, ஜும்ஆவுக்குப் பிறகு நான் தனியாக விரிப்பை மீண்டும் வைத்து டிக்கியை மூடினேன். திரையை இழுத்துக் கொளுவவில்லை. மறந்துபோனேன். அது அவ்வளவு முக்கியமானது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் மகன் நண்பர்கள் இருவரோடு வெளியே வந்தான். கேற்றடியில் வைத்துச் சுவிச்சை அமுக்கினான். கூரை அசையவில்லை. திரும்பவும் அமுக்கினான். இறங்கினான், ஏறினான், இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்தான். நண்பர்களில் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவனும் அந்தத் திரையை ஒருநாளும் கழற்றியவனல்ல. காரை வாங்கிய நாளிலிருந்து அது கொளுவியபடியே இருந்தது.

“யார் தொட்டது இதை?” என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

அந்த ஒரு கணத்தில் என் மனதில் ஓடியவற்றை என்னால் இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். பழுதுபார்க்க எத்தனை நூறு தினார்? எத்தனை மாதச் சம்பளம் வெட்டுவார்கள்? திருப்பி அனுப்பினால் வட்டிக்காரனுக்கு என்ன சொல்வது? உம்மாவின் காப்பு இன்னும் அடகில். மூத்த தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி நாள் குறித்தாயிற்று.

“பாய் காலையில் டிக்கியைக் கழுவினார்” என்றேன்.

பொய் என்று அதைச் சொல்ல முடியாது. கழுவியது உண்மை. நானும் கூட நின்றேன் என்பதையும், விரிப்பை வைத்து மூடியது நான் என்பதையும் சொல்லவில்லை.

மறுநாள் விடிய பாய் வாளியும் துணியுமாக வந்தார். மகன் அவருக்காகவே விழித்திருந்தான். அப்படி ஏசியதை நான் அந்த வீட்டில் அதற்கு முன்னர் கேட்டதில்லை. தண்ணீர் ஊற்றி மின்சார வேலையைப் பழுதாக்கிவிட்டாய் என்றான். அவன் கையை ஓங்கினான், அடிக்கவில்லை. பாய் ஒருமுறை என்னைப் பார்த்தார். டிக்கியை யார் திறந்தது, திரையை யார் கழற்றியது என்பது அவருக்குத் தெரியும். தகராறு பண்ணுகின்ற பார்வையல்ல அது. ‘நீ ஏதாவது சொல்லப் போகிறாயா?’ என்று கேட்கின்ற பார்வை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மகன் உள்ளே போன பிறகு, வாளித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிட்டு, “மாஃபி முஷ்கில், பாய்” என்றார். பிரச்சினை இல்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அன்று மாலைக்குள் மற்ற மூன்று வீடுகளுக்கும் சொல்லியாகிவிட்டது. ஏழு கார்களும் போயின.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எழும்பிப் போய் ரோர்ச் அடித்து டிக்கியைத் திறந்து பார்த்தேன். சுருண்டு கிடந்த திரை கண்ணில் பட்டது. இழுத்துக் கொளுவினேன். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை இரவில் அதைச் செய்தேன். ஞாயிறு பின்னேரம் மகன் சும்மா சுவிச்சை அமுக்கிப் பார்த்தான். டிக்கி வாயைத் திறந்தது. கூரை மடிந்து இறங்கியது. “பார்த்தாயா, தண்ணீர் காய்ந்ததும் சரியாகிவிட்டது. அந்தப் பெங்காலியின் வேலைதான்” என்றான். சந்தோஷத்தில் எனக்கு ஒரு தினார் தந்தான். நான் வாங்கினேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கார் பழுதில்லை, செலவுமில்லை. பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. ‘ஒரு திரைதான் ஐயா, நான்தான் மறந்துபோனேன்’ என்றால் ஓர் ஏச்சோடு முடிந்திருக்கும். பாயும் திரும்ப வந்திருப்பார். ஆனால் முதல் நாள் சொல்லாததை மூன்றாம் நாள் சொன்னால், ஏன் முதல் நாள் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்காக மௌனமாக இருந்தேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஒருநாள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறேன். சிவப்பு விளக்கு. பாதையோரத்தில் மஞ்சள் உடுப்போடு பாய் கூட்டிக்கொண்டிருந்தார். வாகனத்தை அடையாளம் கண்டு கையை உயர்த்திச் சிரித்தார். எனக்கும் அவருக்கும் இடையே ஒரு கண்ணாடிதான் இருந்தது. நான் கண்ணாடியை இறக்கவில்லை. அவரைக் காணாதவன் போல விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது. அதற்குப் பிறகு அவரை நான் காணவேயில்லை.

2005 இல் ஊருக்குத் திரும்பினேன். தங்கச்சி கல்யாணம் முடிந்திருந்தது. காப்பும் மீண்டிருந்தது. பிறகு ஆசிரிய நியமனம் கிடைத்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்று, இந்தக் கிராமத்துப் பாடசாலைக்கு வந்தேன். கலாசாலை நூலகத்தில் ஒருநாள் பழைய சஞ்சிகை ஒன்றைப் புரட்டும்போது அந்தக் காரின் படம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அதைப் பற்றி எங்கே கண்டாலும் விடாமல் வாசிப்பேன். காரில் ஆசைப்பட்டு அல்ல. அந்தத் திரையைப் பற்றி எங்காவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஒருவேளை வேறு காரணத்தாலும் அந்தக் கூரை நின்றிருக்கலாம், தண்ணீர் பட்டும் நின்றிருக்கலாம் என்று எங்காவது ஒரு வரி கிடைக்காதா என்ற நப்பாசை. எனக்குக் கிடைத்தவையெல்லாம் திரையைத்தான் முதலில் பார்க்கச் சொல்லின.

எஸ்எல்கே 2004 இல் புது உருவம் பெற்றது. கூரை திறக்கும் நேரம் 22 விநாடியாகக் குறைந்தது. குளிரில் கழுத்துக்குச் சூடான காற்று வீசும் வசதியும் வந்தது. 2011 இல் இன்னொரு உருவம். 2016 இல் எஸ்எல்சி என்று பெயர் மாறி, 2020 இல் உற்பத்தியே நின்றுபோனது. நான் துடைப்பித்த அந்தக் கார் இப்போது எந்தப் பழைய இரும்புக் கடையிலோ. அதன் கதை முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை.

இனிக் கண்காட்சிக்கு வருகிறேன்.

கல்விப் பணிப்பாளர் எங்கள் மேசைக்கு வந்தார். அதிபரும் கூடவே. மாதிரியைச் செய்த பையன் பெருமையோடு சிரிஞ்சை அமுக்கினான். கூரை பாதிக்கு எழும்பி நின்றுவிட்டது. திரும்பவும் அமுக்கினான். இன்னும் கொஞ்சம் அசைந்து, கீழே விழுந்தது. பணிப்பாளர் நல்ல மனிதர். “பரவாயில்ல, பொறவு வந்து பார்க்கிறன்” என்று அடுத்த மேசைக்குப் போனார். பையனுக்கு அழுகை முட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற கூட்டாளியைப் பார்த்து, “இவன்தான் சேர். இவன் கைய வெச்சாலே எல்லாம் பழுது. காலத்தாலயும் இவன்தான் தூக்கிக்கொண்டு வந்த” என்றான்.

குற்றம் சாட்டப்பட்டவன் வகுப்பில் ஆகக் கடைசி வாங்கில் இருப்பவன். வாப்பா கூலி வேலை. கொப்பி வாங்காமல் வருவான், பேச்சு வாங்குவான். எதற்கும் வாய் திறக்கமாட்டான். அன்றும் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்த நிற்பு எனக்கு எதையோ ஞாபகப்படுத்தியது.

நான் குனிந்து ரியூப்பைப் பார்த்தேன். நிறத் தண்ணீருக்கு நடுவே நீளமாக ஒரு காற்றுக் குமிழி. காரணம் விளங்கிவிட்டது. தண்ணீர் அமுங்காது, அதனால் தள்ளும். காற்று அமுங்கிவிடும், அதனால் தள்ளாது. யாரோ ரியூப்பைக் கழற்றியிருக்கிறார்கள். நான் வாயெடுப்பதற்கு முன்னர் மூன்றாவது பையன் முன்னுக்கு வந்தான்.

“அவன் இல்ல சேர். நான்தான். இன்டேவலுக்கு எப்பிடி வேல செய்ற எண்டு பாக்க ரியூப்பக் கழட்டின. திரும்பக் கொளுவின நேரம் காத்து பூந்திட்டு போல. ஒருத்தருக்கும் தெரியாது.”

அவ்வளவுதான். பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளை. எல்லோருக்கும் முன்னால், சாதாரணமாக, சோற்றில் உப்பில்லை என்று சொல்வது போலச் சொல்லிவிட்டான். செய்தவன் அவனை ஒரு தள்ளுத் தள்ளினான். கடைசி வாங்குப் பையன் தலையை நிமிர்த்தினான். மூவரும் சேர்ந்து காற்றை வெளியேற்றித் தண்ணீர் நிரப்பினார்கள். பத்து நிமிடத்தில் கூரை திறந்தது. பணிப்பாளரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் கைதட்டினார். நான் மண்டபத்துக்கு வெளியே போய் வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு வருடக் குடித்தனத்தில் குவைத்துக் கதைகள் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. அவள் மாவரித்துக்கொண்டிருந்தவள் அரிதட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அந்த மனிசன்ட பேரென்ன?”

“தெரியா.”

“ரெண்டு வருஷம் ஒண்டாத் தேத்தண்ணி குடிச்சிருக்கீங்க. பேரக் கேக்கல்லயா?”

கேட்கவில்லை. அதுவும் உண்மைதான். பெயர் தெரியாததால் தேடவும் வழியில்லை. இருந்தால் இன்று எழுபத்தைந்து வயதை நெருங்கியிருப்பார். அந்த மூன்று பெண் பிள்ளைகளுக்கும் கல்யாணம் முடிந்திருக்கும், பேரப்பிள்ளைகள் இருக்கும் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். 35 தினார் நின்றதால் எந்தப் பிள்ளையின் எந்தக் காரியம் பிந்தியது என்பதை என்னால் அறிய முடியாது.

திங்கட்கிழமை தரம் 9 வகுப்பில் திரவ அமுக்கப் பாடத்தின் மிச்சத்தை எடுத்தேன். பாடம் முடிய நேரம் இருந்தது. காரின் கதையைச் சொன்னேன். 25 விநாடி, டிக்கி, திரை, லபன் போத்தல் எல்லாம் சொன்னேன். நான் சொன்ன அந்த ஒரு வசனத்தையும் சொன்னேன். சிவப்பு விளக்கையும் சொன்னேன். எதையும் விடவில்லை. ஆசிரியர் ஒருவர் தன் மாணவர்களிடம் இப்படியெல்லாம் சொல்லலாமா என்று கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தவர்கள் கேட்கக்கூடும். சொல்லாமல் அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வகுப்பு அமைதியாக இருந்தது. கார் செய்த பையன் கூட அந்தக் கூரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வாங்கிலிருந்துதான் குரல் வந்தது. அந்தப் பையன் தானாக ஒரு கேள்வி கேட்டது அன்றுதான்.

“சேர், ஏசினது பயத்துல, செரி. ரோட்டுல கண்ட நேரம் ஏன் சேர் கண்ணாடிய இறக்கல்ல? அப்ப பயம் ஒண்டும் இல்லதானே?”

“இல்ல மனே” என்றேன். “அப்ப பயம் முடிஞ்சிருந்த. வெக்கம்தான்.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.